எந்தக் கடல், எந்த ஆழம், எந்த மாதம்?

உலகக் கடற்பரப்பின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலகட்டத்தோடு ஒப்பிட, 2011–2020 காலகட்டத்தில் 0.88 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை தரும் இந்த எண்ணில் பிழையில்லை. பிழை, இந்த எண்ணைக் கொண்டு இந்தியக் கல்விப்புலம் செய்துவரும் காரியத்தில் இருக்கிறது. மீன்வளம், புயல், பவளப்பாறை, பருவமழை என எப்பொருள் பற்றிய ஆய்வேடாயினும், முதற்பக்கத்தில் இந்த எண்ணோ இதற்கு முந்தைய அறிக்கையின் எண்ணோ கடவுள் வாழ்த்தைப் போல வைக்கப்படுகிறது. வாழ்த்து முடிந்தபின் வரும் இருநூறு பக்கங்களில் அதற்கு எந்த வேலையும் இல்லை. எந்தக் கடல், எந்த ஆழம், எந்த மாதம், எக்காலத்தோடு ஒப்பிட்டு என்னும் நான்கு வினாக்களை எழுதியவரும் எழுப்புவதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை.

தமிழ் இலக்கணம் எச்சம் என்று ஒன்றைச் சொல்லும். 'வந்த' என்றால் யார், எது என்று மனம் காத்திருக்கும். 'சென்று' என்றால் என்ன செய்தார் என்று காத்திருக்கும். முடிக்கும் சொல் வரும்வரை அது வாக்கியமாகாது. 'கடலின் வெப்பநிலை 28 டிகிரி' என்பது வடிவத்தில் முற்று, பொருளில் எச்சம். இடமும் ஆழமும் பருவமும் வந்து சேரும்வரை அக்கூற்றை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல இயலாது. முற்றைப் போல நடிக்கும் இத்தகைய எச்சங்களை மாணவர் தலைமுறைகளுக்கு அறிவென்று ஊட்டிவந்ததுதான் இங்கு எதிர்க்கப்பட வேண்டிய வழக்கம்.

இவ்வழக்கத்தின் வேர் பள்ளியில் இருக்கிறது. பரவலாகப் பயிலப்படும் புவியியல் நூல்கள் கடல்நீரின் வெப்பநிலையை ஓர் இறங்குபடியாகக் காட்டுகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டி 27 டிகிரி, 20 டிகிரி அட்சரேகையில் 22, 40இல் 14, துருவங்களை ஒட்டிச் சுழியம். காற்று, நீரோட்டம், நிலப்பரப்பின் அமைவு ஆகிய காரணிகளையும் அந்நூல்கள் பட்டியலிடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வினாத்தாளில் வருவது படிக்கட்டு, பட்டியல் வருவதில்லை. ஆகவே மாணவர் நினைவில் தங்குவதும் படிக்கட்டே. குடிமைப் பணித் தேர்வு முதல் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு வரை அந்தப் படிக்கட்டு அவரோடு ஏறிவருகிறது.

அதன் இரண்டாம் படியில் நின்று பார்க்கலாம். 20 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மௌரித்தேனியா இருக்கிறது. குளிர்காலத்தின் இறுதியில் அங்குக் கடற்பரப்பின் வெப்பநிலை 18 டிகிரியை நெருங்கும். அதே கோட்டில் கிழக்கே வந்தால் செங்கடல். கோடையில் 31 டிகிரியைத் தாண்டும். இன்னும் கிழக்கே ஒடிசாவின் கரையோரம்; ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 30 டிகிரி வரை. பசிபிக்கின் நடுவே ஹவாய்த் தீவுகள். சுமார் 24 முதல் 27 வரை. ஒரே அட்சரேகை, ஒரே சூரியன், 13 டிகிரி வேறுபாடு. பாடநூலின் 22 இவற்றில் எந்தக் கடலையும் விவரிக்கவில்லை.

மற்ற படிகளும் இவ்வாறே. பெருவின் லிமாவும் பிரேசிலின் சால்வடோரும் தென் அட்சரேகை 12, 13 டிகிரிகளில் இருப்பவை. ஆகஸ்டில் லிமாவின் கடல் 16 டிகிரி அளவில் குளிர்ந்திருக்க, சால்வடோரின் கடல் 25 டிகிரியில் இருக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவின் வடகரைக்கு, 44 டிகிரி வட அட்சரேகையில், குளிர்காலந்தோறும் ஓகோட்ஸ்க் கடலின் பனிப்பாளங்கள் மிதந்துவருகின்றன. ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகம் பனிக்கட்டியை அறியாது. ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் 69 டிகிரி வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இருந்தும், ஆண்டு முழுவதும் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக விளங்குகிறது.

இவற்றை விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. அப்படி ஒதுக்க இயலாது. ஒவ்வொன்றுக்கும் இயற்பியல் விதி இருக்கிறது. பெருவின் கரையோரம் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அகற்ற, அவ்விடத்தை நிரப்ப ஆழத்தின் குளிர்நீர் எழுகிறது. அட்லாண்டிக் நீரோட்டம் வெப்பமண்டலத்தின் வெப்பத்தை நார்வேக்கு அப்பாலும் சுமந்து செல்கிறது. குறுகிய வாயைக் கொண்ட செங்கடலில் ஆறுகள் இல்லை, மழை அரிது, வெயில் கடுமை. அட்சரேகை சொல்வது, சூரியனிடமிருந்து எவ்வளவு வெப்பம் வந்து சேர்கிறது என்பதைத்தான். வந்த வெப்பம் எங்கே கொண்டுசெல்லப்படுகிறது, எவ்வளவு ஆழத்துக்குக் கலக்கப்படுகிறது, ஆவியாகி எவ்வளவு வெளியேறுகிறது என்பவற்றை நீரும் காற்றும் நிலமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. வருமானத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒரு குடும்பத்தின் கையிருப்பைக் கணித்துச் சொல்பவரை யாரும் கணக்கர் என்று மதிப்பதில்லை.

படிக்கட்டுப் பாடம் பிற நாடுகளில் கற்பிக்கப்பட்டால் அது ஓர் எளிமைப்படுத்தல் என்று விட்டுவிடலாம். இந்தியாவில் கற்பிக்கப்படும்போது அது அபத்தமாகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து இரு துருவங்களை நோக்கி என்று தொடங்கும் விதி, இந்தியப் பெருங்கடலுக்கு வட துருவப் பக்கமே இல்லை என்பதை மறந்துவிடுகிறது. பசிபிக்கும் அட்லாண்டிக்கும் வடக்கே ஆர்க்டிக் வரை நீள்கின்றன. இந்தியப் பெருங்கடலோ ஆசியக் கண்டத்தின் சுவரில் மோதி நின்றுவிடுகிறது. வடக்கே நிலமும் தெற்கே நீரும் என்ற இந்த அமைவினால் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. காற்றோடு நீரோட்டங்களும் திசை மாறுகின்றன. உலகின் வேறெந்தப் பெருங்கடலிலும் இவ்வளவு பரந்த அளவில் இது நிகழ்வதில்லை. கடலைப் பற்றிய பொதுவிதிகள் மிகக் கடுமையாகத் தடுமாறும் கடலின் கரையில் அமர்ந்துகொண்டு, அப்பொதுவிதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வதைக் கல்வி என்று எப்படி அழைப்பது?

அரபிக் கடலை எடுத்துக்கொள்வோர் முதலில் எதிர்கொள்வது, கோடையில் கடல் வெப்பமாகவும் குளிர்காலத்தில் குளிர்ந்தும் இருக்கும் என்ற நம்பிக்கையின் சரிவைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் லட்சத்தீவுகளைச் சுற்றிய தென்கிழக்கு அரபிக் கடல் 30 டிகிரியைத் தாண்டுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், வடகோளத்தின் உச்சக் கோடையில், அரபிக் கடல் குளிரத் தொடங்குகிறது. பலத்த காற்று ஆவியாதலைப் பெருக்குகிறது. மேல்நீரைக் கீழ்நீரோடு கலக்குகிறது. சோமாலியக் கரையில் எழும் ஆழ்நீர், 10 டிகிரி வட அட்சரேகையில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கடற்பரப்பை 20 டிகிரிக்கும் கீழே கொண்டுசெல்லக்கூடியது. காற்று அடங்கிய அக்டோபரில் கடல் மீண்டும் வெப்பமடைகிறது. ஆக, ஆண்டுக்கு இரண்டு உச்சங்கள். இரண்டுக்கும் நடுவே மழைக்காலக் குளிர்ச்சி.

ஒரே அட்சரேகைகளில், ஒரே துணைக்கண்டத்தின் மறுபுறம் கிடக்கும் வங்காள விரிகுடா இவ்வாறு நடந்துகொள்வதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும், கடல்மீதே பெய்யும் மழையும் சேர்ந்து, உப்புக் குறைந்த மெல்லிய நீர்ப்போர்வை ஒன்றை அதன்மேல் விரிக்கின்றன. எடை குறைந்த அந்த நீர் மேலேயே தங்குவதால் கீழுள்ள நீர் எளிதில் எழ முடிவதில்லை. ஆகவே பருவமழைக் காலத்திலும் விரிகுடாவின் மேற்பரப்பு பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேலேயே நிலைக்கிறது. குளிர்காலத்தில் அதன் வடபகுதி இன்னொரு வியப்பைத் தருகிறது. நிலத்திலிருந்து வரும் குளிர்காற்று மேல்நீரைக் குளிர்விக்கிறது. உப்புக் குறைந்திருப்பதால் குளிர்ந்த பின்னும் அந்நீர் மூழ்குவதில்லை. விளைவாக மேலே குளிர்நீரும், அதற்குச் சில பத்து மீட்டர் கீழே 1 முதல் 2 டிகிரி வரை வெப்பம் மிகுந்த நீரும் இருக்கின்றன. ஆழம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்று எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர், கொல்கத்தாவிலிருந்து தெற்கே ஜனவரியில் ஒரு படகுப் பயணம் சென்று அளந்தால் தம் விடைத்தாளைத் திருத்த நேரிடும்.

சராசரிக்குள் எது மூழ்கிப்போகும் என்பதற்கு இந்திய அறிவியலே ஒரு சான்றைத் தந்திருக்கிறது. 1997இல் பசிபிக்கில் அந்நூற்றாண்டின் மிகவலிய எல் நினோக்களுள் ஒன்று நிலவியது. இந்தியாவில் வறட்சி வரும் என்பது எதிர்பார்ப்பு. பருவமழையோ இயல்பை ஒட்டியே பெய்தது. அதே ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருவெள்ளம். இந்தோனேசியாவில் வறட்சியும் காட்டுத் தீயும். 1999இல் 'நேச்சர்' இதழில் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகியோர் வெளியிட்ட கட்டுரை, இந்தியப் பெருங்கடலின் மேற்குப்பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும் சுமத்ராவை ஒட்டிய கிழக்குப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் ஊசலாடும் ஒரு நிகழ்வை அடையாளம் கண்டது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று அது பெயர் பெற்றது. இன்று பருவமழை முன்கணிப்பில் எல் நினோவோடு சேர்த்து நோக்கப்படும் நிகழ்வு அது. மேற்கின் கூடுதலையும் கிழக்கின் குறைவையும் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால் ஒன்றையொன்று பெருமளவு அழித்திருக்கும். அவ்வாண்டு இந்தியப் பெருங்கடலில் குறிப்பிடத்தக்க எதுவும் நிகழவில்லை என்றே அட்டவணை சொல்லியிருக்கும். அக்கண்டுபிடிப்பு பிறந்தது, கிழக்கையும் மேற்கையும் தனித்தனியே பார்க்கத் துணிந்ததால்தான்.

நீண்டகால வெப்ப உயர்வும் இவ்வாறே சீரற்றது. புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951–2015 காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி உயர்ந்தது. உலகக் கடற்பரப்பின் உயர்வு அதே காலத்தில் சுமார் 0.7 டிகிரிதான். அந்த 1 டிகிரியும் ஒரு சராசரியே. ராக்ஸி மேத்யூ கோல் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 1901–2012 காலத்தில் மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால வெப்பநிலை 1.2 டிகிரி உயர்ந்ததையும், ஏற்கெனவே வெப்பமாக இருந்த நடு, கிழக்குப் பகுதிகள் 0.7 டிகிரியே உயர்ந்ததையும் காட்டியது. குளிர்ந்திருந்த பக்கம் விரைந்து வெப்பமடைவதால் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான வேறுபாடு சுருங்குகிறது. நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வேறுபாடும் சுருங்குகிறது. பருவக்காற்றை இயக்குவது அந்த வேறுபாடு. ஆகவே மழையைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு வேண்டிய செய்தி வேறுபாட்டில் இருக்கிறது, 0.88 என்ற எண்ணில் அது இல்லை.

ஆழத்தைப் பற்றிய மௌனம் இதைவிடப் பெரிய குறை. உலகக் கடல்நீர் முழுவதன் சராசரி வெப்பநிலை சுமார் 3.5 டிகிரிதான். வெப்பக் கடல் என்று வழங்கும் இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்திலும் அண்டார்க்டிகாவின் ஓரத்தில் மூழ்கி வடக்கே பரவிய 1, 2 டிகிரி நீரே கிடக்கிறது. கடற்பரப்பின் 28 டிகிரி என்பது குளிர்ந்த பெருங்கடலின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய தோல். ஆனால் செங்கடலில் 2000 மீட்டர் ஆழத்திலும் வெப்பநிலை 21 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மத்தியதரைக் கடலின் ஆழ்நீர் 13 டிகிரி. வாயிலில் உள்ள ஆழமற்ற மேடுகள் வெளிக்கடலின் குளிர்ந்த ஆழ்நீரை உள்ளே விடாததே காரணம். ஒரே ஆழம்; அருகருகே உள்ள கடல்கள்; முற்றிலும் வேறான நீர்.

அளவீடு என்பதும் வானிலிருந்து இறங்கிய வேதம் அன்று. கப்பலிலிருந்து வாளியை இறக்கி நீரை மொண்டு வெப்பமானியை அதில் வைப்பது பழைய முறை. துணிவாளியில் மேலே வரும் நீர் ஆவியாதலால் சற்றே குளிர்ந்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கப்படும் நீரை அளப்பது பிந்தைய முறை. எஞ்சின் அறையின் வெப்பம் அதைச் சற்றே உயர்த்தும். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அளந்த கப்பல்களின் கலவை மாறியபோது, உலகச் சராசரி திடீரென்று சுமார் 0.3 டிகிரி சரிந்ததாகத் தரவு காட்டியது. கடல் குளிரவில்லை, வாளிகளின் விகிதம் மாறியிருந்தது. இது விளக்கப்பட்டதே 2008இல்தான். செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி காண்பது மயிரிழையினும் மெல்லிய மேற்படலத்தை. பருவமழை மேகங்கள் மூடினால் அதையும் காண்பதில்லை. 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் ஆர்கோ மிதவைகள் பெருகியது இந்நூற்றாண்டில்தான். ஓர் எண்ணை எடுத்தாள்பவர் அது வாளியா, எஞ்சினா, செயற்கைக்கோளா, மிதவையா என்று அறிந்திருக்க வேண்டாமா? ஓலைச்சுவடியின் பாடபேதத்தை ஆராயாமல் பதிப்பு வெளியிடுபவரைத் தமிழ்ப்புலம் மன்னிப்பதில்லை. எண்களின் பாடபேதத்தில் மட்டும் ஏன் இந்தப் பெருந்தன்மை?

சொற்களும் இக்குழப்பத்துக்குத் துணைபோகின்றன. 'கடலின் வெப்பம்', 'கடலின் வெப்பநிலை' என்ற இரண்டையும் நாளிதழ்களும் பாடநூல்களும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. வெப்பநிலை என்பது ஒரு நிலையின் அளவு; வெப்பம் என்பது ஆற்றல். கடலின் மேல் சுமார் 3 மீட்டர் நீரின் வெப்பக் கொள்ளளவு வளிமண்டலம் முழுவதற்கும் நிகரானது. பசுமையில்ல வாயுக்களால் புவியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலில் இறங்கியும், கடற்பரப்பின் வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் குறைவாகவே உயர்ந்திருப்பதன் பொருள் அப்போதுதான் விளங்கும். இரு சொற்களையும் கலப்பவர், '0.88 தானே' என்று கேட்பவருக்கு விடை சொல்ல வழியற்றுப் போகிறார்.

'இயல்பைவிட 1 டிகிரி கூடுதல்' என்ற தொடரில் உள்ள இயல்பு என்னும் சொல் இன்னும் ஏமாற்றுவது. தமிழில் அது மாறாத தன்மையைக் குறிக்கிறது. அறிவியலிலோ அது ஒரு 30 ஆண்டுச் சராசரி. 1981–2010 என்றிருந்த அந்த அடிப்படைக் காலம் இப்போது 1991–2020 என்று நகர்ந்துவிட்டது. அடிப்படை உயர்ந்தால் அதே கடல், அதே நாள், குறைந்த விலகலைக் காட்டும். 2016இல் ஹாப்டேவும் பிறரும் வகுத்த வரையறைப்படி, ஓரிடத்தின் அப்பருவத்துக்குரிய 90ஆம் சதமானத்தைத் தொடர்ந்து 5 நாட்களேனும் தாண்டினால் அது கடல் வெப்ப அலை. இந்த வரையறைக்குள்ளேயே இடமும் பருவமும் அடிப்படைக் காலமும் இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டுச் செய்தியாக்கும்போது கடல் வெப்ப அலை என்பது வெறும் அச்சுறுத்தும் சொல்லாகிவிடுகிறது.

இவையெல்லாம் கல்விப்புலத்தின் நுண்சண்டைகள், கரையில் வாழ்பவருக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். விடை கரையிலேயே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் திரளக்கூடிய பகுதிகளை மீனவர்க்கு அறிவித்துவருகிறது. அவ்வறிவிப்புக்கு அடிப்படை, கடற்பரப்பின் வெப்பநிலை சட்டென்று மாறும் எல்லைகளும் பாசி மிகுந்த பகுதிகளும். மீன் கூடுவது வேறுபாட்டின் விளிம்பில். சராசரியை வைத்து வலை வீசிய மீனவர் எவரும் இல்லை.

புயலைப் பாருங்கள். 26.5 டிகிரிக்கு மேல் கடற்பரப்பு இருந்தால் வெப்பமண்டலப் புயல் உருவாகலாம் என்பது அனைவரும் ஒப்பிக்கும் எண். வங்காள விரிகுடா ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டியே இருக்கிறது. எல்லா நாளும் புயல் வருவதில்லை. காற்றின் அமைப்பு ஒருபுறமிருக்க, வெப்பநீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பது பெரிய வினா. புயல் கடலைக் கலக்கிக் கீழ்க்குளிரை மேலே கொண்டுவந்து தன்னைத்தானே தளர்த்திக்கொள்வது வழக்கம். விரிகுடாவின் நன்னீர்ப் போர்வை அந்தக் கலக்கலைத் தடுக்கும்போது, புயலைத் தளர்த்தும் வாய்ப்பும் குறைகிறது. 2020 மே மாதத்தில், 1999 ஒடிசாப் பெரும்புயலுக்குப் பின் விரிகுடாவில் தோன்றிய முதல் சூப்பர் புயலாக ஆம்பன் வளர்ந்தது, 30 டிகிரியைத் தாண்டியிருந்த நீரின்மேல். கரையில் எத்தனை பேரை, எப்போது வெளியேற்றுவது என்று முடிவெடுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு வேண்டியது அந்த இடத்தின், அந்த வாரத்தின், அந்த ஆழத்தின் செய்தி.

பவளங்களின் வழக்கு இன்னும் தெளிவு. பாரசீக வளைகுடாவின் பவளங்கள் கோடையில் 33, 34 டிகிரியைத் தாங்கி வாழ்கின்றன. அதே வெப்பம் சில வாரங்கள் நீடித்தால் லட்சத்தீவின் பவளங்கள் பிழைப்பது அரிது. ஒவ்வோர் இடத்தின் பவளமும் அவ்விடத்தின் மிக வெப்பமான மாதத்துக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் 1 டிகிரி நீடித்தால் வெளிறத் தொடங்குகிறது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவில் நிகழ்ந்தது அதுவே. 32 டிகிரி என்ற எண் ஓரிடத்தில் வழக்கமான நாள், மற்றோரிடத்தில் மரணம். இடமற்ற எண்ணுக்கு உயிரியல் பொருள் எதுவும் இல்லை.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: இடத்துக்கிடம் வேறுபடுகிறது என்று அழுத்திச் சொல்வது, புவி வெப்பமடைதலை மறுப்பவர்களுக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா? உண்மை நேர்மாறானது. கிரீன்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக்கின் ஒரு பகுதி, சுற்றிலும் கடல் வெப்பமடைந்துவர, நூறாண்டு அளவில் குளிர்ந்திருக்கிறது. சராசரியை மட்டும் கற்றவரிடம் அந்த வரைபடத்தை நீட்டினால் அவர் வாயடைத்துப் போவார். நீரோட்டம் வெப்பத்தைச் சுமக்கிறது, அந்தச் சுமை மாறினால் ஓரிடம் குளிரவும் கூடும் என்று கற்றவர்தான் விடை சொல்வார். மறுப்பவர்களின் ஆயுதம் வேறுபாட்டில் இல்லை. வேறுபாட்டை அறியாத ஆதரவாளர்களின் அறியாமையில் இருக்கிறது.

இரண்டாவது: சராசரி இல்லாமல் அறிவியல் நடக்குமா? நடக்காது, சராசரியைக் கைவிடச் சொல்வது இங்கு நோக்கமும் அன்று. புவி முழுவதன் வெப்பக் கணக்கைப் பார்க்கவும், நாடுகள் பொறுப்பேற்க வேண்டிய உமிழ்வை வரையறுக்கவும் அது இன்றியமையாதது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. கொச்சியில் மத்தி ஏன் குறைந்தது என்பதை விளக்கும் பணியை அதன் தலையில் சுமத்துவதுதான் தவறு.

தரவு இல்லை என்று சொல்லித் தப்பவும் இயலாது. 1960களின் முதற்பாதியில் நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக, 1966இல் தேசியப் பெருங்கடலியல் நிறுவனம் உருவானது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்திய ஆய்வாளர்கள் தம் கடலை இடம் இடமாக, பருவம் பருவமாக அளந்திருக்கிறார்கள். ஆர்கோ மிதவைகளின் தரவு எவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. இத்தனையும் இருக்க, ஆய்வேடுகள் உலகச் சராசரியிலும் பாடநூல்கள் படிக்கட்டிலும் தேங்கியிருப்பதற்குக் காரணம் சோம்பல். அச்சோம்பலுக்கு மதிப்பெண் வழங்கும் தேர்வுமுறை. புவியியல் துறையும் கடலியல் துறையும் ஒன்றன் வகுப்பறையை மற்றொன்று எட்டிப் பார்க்காத வீம்பு.

செய்ய வேண்டியவை எளியவை. இடம், ஆழம், காலம், அடிப்படைக் காலம், அளந்த கருவி ஆகிய ஐந்தும் இல்லாத கடல் வெப்பநிலை எண் எதையும் ஆய்வேட்டில் ஏற்கமாட்டோம் என்று நெறியாளர்களும் தேர்வாளர்களும் முடிவுசெய்யலாம். அறிவியலைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுதுவோர் வெப்பத்தையும் வெப்பநிலையையும் பிரித்து எழுதலாம். 'இயல்பு' என்று எழுதும் இடமெல்லாம் எந்த முப்பது ஆண்டு என்று சேர்க்கலாம். 'அட்சரேகைக்கு ஏற்பக் கடல் வெப்பநிலை எவ்வாறு குறைகிறது?' என்ற வினாவை வினாத்தாளிலிருந்து நீக்கிவிட்டு, 'ஆகஸ்டு மாதத்தில் ஒரே அட்சரேகையில் அரபிக் கடல் குளிர்ந்தும் வங்காள விரிகுடா வெப்பமாகவும் இருப்பது ஏன்?' என்று கேட்கலாம். அதற்கு விடை எழுத வேண்டுமானால் மாணவர் காற்றையும் ஆற்றையும் உப்பையும் ஆழத்தையும் படித்தே ஆக வேண்டும். அடுத்த பருவத்துக்கான வினாத்தாளைத் தயாரிக்கும் பேராசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.